இரவலா, சொந்தமா? – ஒரு கையேட்டைத் திருத்திய கதை



இந்த வாரம் கம்ப்யூட்டர் சமாசாரம். உடனே பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். இது மெஷினைப் பற்றிய கதை இல்லை. ஒரு புத்தகத்தைத் திருத்தியவர்களின் கதை. அலுவலகத்தில் குப்பை கொட்டிய நம்மைப் போன்றவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

1979-இல் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த முதல் வேலை, திருத்தச் சீட்டு ஒட்டுவது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். விதித் தொகுப்பு என்று தடிமனான புத்தகம் பிரிவுக்கு ஒன்று இருக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை கரெக்‌ஷன் ஸ்லிப் கட்டு வரும். இன்ன பக்கம், இன்ன பத்தி, இன்ன வரிக்குப் பதிலாக இதைப் படிக்கவும் என்று அச்சிட்டிருப்பார்கள். கத்தரிக்கோலால் வெட்டி, மைதாப் பசை தடவி, பழைய வரியின் மேல் ஒட்ட வேண்டும். ஓரத்தில் தேதி போட்டு இனிஷியல் போட வேண்டும். நாளடைவில் புத்தகம் கர்ப்பிணி மாதிரி வீங்கிவிடும்.

சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு அம்மாள் வந்தார். கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர். "ஐயா, அதே வேலை பார்த்தவர்தான் பக்கத்து வீட்டுக்காரர். அந்த அம்மாவுக்கு வர்ற தொகை எனக்கு வரலியே" என்றார். கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் புத்தகப்படி சரியாகவே இருந்தது. பக்கத்துப் பிரிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் அதே பத்தியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எங்கள் கட்டு, அலமாரியின் கீழ்த்தட்டில், சணல் கயிறுகூடப் பிரிக்காமல் கிடந்தது. பதினான்கு மாதம் அந்த அம்மாளுக்குக் குறைவாகப் போயிருக்கிறது. பிறகு நிலுவையைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பதினான்கு மாதம் அவர் எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கையேட்டைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இதை யார் திருத்துகிறார்கள்?

இரண்டு வருடம் முன்பு பொங்கலுக்கு வந்திருந்த என் மகள், ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, இன்னும் தூங்கலையா?"

"மூணு நாளா தலையைப் பிச்சுக்கிறேன்பா. புரோகிராம் நல்லா ஓடிட்டே இருக்கு, திடீர்னு செத்துப்போகுது. எப்பன்னு சொல்ல முடியல."

"மேனுவல்ல பாத்தியா?"

சிறிது நேரம் கழித்துச் சிரித்தாள். "போட்டிருக்குப்பா. நான்தான் கவனிக்கல. ஒரே ஒரு வரி. இது இரவல்னு போட்டிருக்கு. நான் சொந்தம்னு நெனச்சுட்டேன்."

அந்த ஒரு வரி அங்கே எப்படி வந்தது என்று தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

வாசலும் பின்கட்டும்

அவள் எழுதிக்கொண்டிருந்தது பைத்தான் மொழிக்கான ஒரு சி மொழித் துணைப்பகுதி. இரண்டு பெயர்களையும் சொல்லிவிடுகிறேன்.

சி மொழி 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. மெஷினுக்கு மிக அருகில் நின்று பேசும் மொழி. வேகம் அதிகம், ஆனால் தவறு செய்தால் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பைத்தான் அதற்கு நேர் எதிர். நெதர்லாந்துக்காரரான கீடோ வான் ராசம், ஆம்ஸ்டர்டாமில் சிடபிள்யூஐ என்ற கணித, கணினி ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தபோது, 1989 டிசம்பர் கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுத ஆரம்பித்தார். 1991 பிப்ரவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார். பெயர் பாம்பிலிருந்து வந்ததல்ல. பிபிசி தொலைக்காட்சியின் மான்ட்டி பைத்தான் நகைச்சுவைத் தொடரிலிருந்து வந்தது.

பைத்தானை அவர் சி மொழியில்தான் எழுதினார். நம் பழைய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணையும் கூடமும் விருந்தாளிக்கு. அடுப்பும் அம்மியும் பின்கட்டில். பைத்தான் எழுதுகிறவர் கூடத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார். உழைப்பெல்லாம் பின்கட்டில் சி மொழியில் நடக்கிறது. கீடோ முன்பு ஏபிசி என்ற மொழியை உருவாக்கிய குழுவில் இருந்தவர். அந்த மொழியில் வெளியார் புதிதாக எதையும் சேர்ப்பது கஷ்டம். அந்தப் பாடத்தை மனதில் வைத்துத் தன் மொழியில் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே ஆரம்பத்திலேயே ஒரு கதவு வைத்தார். வெளியார் யாரும் சி மொழியில் ஒரு பகுதி எழுதி உள்ளே கொண்டுவந்து சேர்க்கலாம். அந்தக் கதவைத்தான் சி ஏபிஐ என்கிறார்கள்.

அந்தக் கதவு வழியாக வந்ததுதான் பைத்தானின் பெரும் செல்வம். 1995-இல் ஜிம் ஹ்யூகனின் எழுதிய நியூமெரிக் என்ற எண் கணக்குப் பகுதி அப்படி வந்தது. அதன் வாரிசான நம்பை 2006-இல் 1.0 பதிப்பாக வந்தது. இன்று விஞ்ஞானிகளும் செயற்கை நுண்ணறிவுக்காரர்களும் பைத்தானைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்தக் கதவு முக்கியமான காரணம். ஆகவே கதவில் எப்படி நுழைவது என்று சொல்லும் கையேட்டில் ஒரு வரி தப்பு என்றால், அதை எழுதியவர் முகம் பார்க்காத ஆயிரம் பேருக்கு அது தலைவலி.

தெரு அண்டா

அப்படி என்ன சிக்கல்? ஒரு உதாரணம் சொல்கிறேன்.

ஒரு தெருவுக்குப் பொதுவாக ஒரு பெரிய அண்டா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை வீட்டுக்கு அது இப்போது தேவை என்று பக்கத்தில் ஒரு சிலேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். தேவை என்கிற வீட்டார் எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும். வேலை முடிந்தால் ஒன்று கழிக்க வேண்டும். எண்ணிக்கை பூஜ்யம் ஆன மறுகணம் பாத்திரக்காரர் வந்து அண்டாவை உருக்கிவிடுவார். பைத்தானில் ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு சிலேட்டு உண்டு. ரெஃபரன்ஸ் கவுண்ட் என்பார்கள். நான் பிடி என்கிறேன். எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதே கணக்கு.

பைத்தானில் எழுதினால் இந்தக் கணக்கை மொழியே பார்த்துக்கொள்ளும். சி மொழியில் எழுதுகிறவர் தானே பார்க்க வேண்டும். கழிக்க மறந்தால் அண்டா யாருக்கும் பயனில்லாமல் கிடக்கும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து நினைவகம் நிரம்பும். ஒன்று கூடுதலாகக் கழித்துவிட்டால் இன்னொரு வீட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அண்டா உருக்கப்படும். புரோகிராம் செத்துப்போகும். அதுவும் உடனே சாகாது. எங்கேயோ, எப்போதோ, சம்பந்தமில்லாத இடத்தில் சாகும். என் மகளுக்கு நடந்தது அதுதான்.

ஆகவே கதவில் உள்ள ஒவ்வொரு ஃபங்ஷனைப் பற்றியும் கையேடு ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அது உங்களிடம் தரும் பொருளின் பிடி உங்களுக்குச் சொந்தமா, இரவலா? சொந்தம் என்றால் முடிந்தபின் நீங்கள் கழிக்க வேண்டும். இரவல் என்றால் தொடக்கூடாது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. நீங்கள் கொடுத்த பிடியை அந்த ஃபங்ஷன் தனதாக்கிக்கொள்ளும். அதற்குத் திருடுதல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரே சீரான விதி இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பட்டியலில் ஒரு பொருளை வைக்கும் பைலிஸ்ட்_செட்ஐட்டம் உங்கள் பிடியைத் திருடிக்கொள்ளும். அகராதியில் வைக்கும் பைடிக்ட்_செட்ஐட்டம் திருடாது. அதே பட்டியலின் கடைசியில் சேர்க்கும் பைலிஸ்ட்_அப்பெண்டும் திருடாது. பட்டியலிலிருந்து எடுத்துத் தரும் பைலிஸ்ட்_கெட்ஐட்டம் இரவல் தரும். பொதுவாக எந்த வரிசையிலிருந்தும் எடுத்துத் தரும் பைசீக்வன்ஸ்_கெட்ஐட்டம் சொந்தமாகத் தரும். பெயரைப் பார்த்து யூகிக்க முடியாது. அனுபவத்தை வைத்தும் யூகிக்க முடியாது. கையேட்டைப் பார்த்தே தீர வேண்டும்.

முற்றுப் பெறாத புத்தகம்

கீடோவே முதலில் எழுதியவர். அவர் எழுதியவை இரண்டாகப் பிரிந்து நின்றன. ஒன்று, பைத்தானை விரிவாக்குவது எப்படி என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும் பாடப் புத்தகம். இன்னொன்று, ஒவ்வொரு ஃபங்ஷனையும் வரிசையாக விவரிக்கும் ரெஃபரன்ஸ் மேனுவல். சமையல் கற்றுத்தருவது வேறு, மளிகைப் பட்டியல் வேறு இல்லையா? இரண்டையும் ஒரே புத்தகத்தில் கலந்தால் புதிதாக வருகிறவனும் குழம்புவான், அவசரத்தில் தேடுகிறவனும் சலிப்பான். இந்தப் பிரிவினை இன்றுவரை தொடர்கிறது.

1990-களின் இறுதியில் வந்த மேனுவலின் தொடக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை இருந்தது. இந்த ஆவணம் முழுமையானதல்ல, இருந்தாலும் உதவும் என்று நம்புகிறேன், அவ்வப்போது திருத்தி வெளியிடுவேன் என்ற பொருளில் எழுதியிருந்தார். எனக்கு அந்த வரிகள் மிகவும் பிடிக்கும். எங்கள் விதித் தொகுப்பின் முதல் பக்கத்தில் இப்படி ஒரு எச்சரிக்கை இருந்திருந்தால், அலமாரியின் கீழ்த்தட்டை யாராவது திறந்து பார்த்திருப்பார்கள்.

பாடப் புத்தகத்தில் மெல்லிய பனிக்கட்டி என்ற தலைப்பில் ஒரு சிறு பகுதி உண்டு. குளிர்காலத்தில் உறைந்த கால்வாய்மேல் சறுக்கிப் போகும் ஊர்க்காரர் வைத்த பெயர். இரவல் வாங்கியதைக் கையில் வைத்துக்கொண்டு வேறு வேலை பார்த்தால் என்ன ஆகும் என்பது விஷயம்.

அண்டா பாஷையில் சொல்கிறேன். பரணில் இரண்டு பாத்திரம். முதல் பாத்திரத்தை இரவலாகக் கையில் எடுத்தீர்கள். சிலேட்டில் எழுதவில்லை, ஒரு நிமிஷ வேலைதானே. இடையில் இரண்டாம் பாத்திரத்தை அகற்றிவிட்டு அங்கே புதிது ஒன்றை வைத்தீர்கள். அகற்றப்பட்ட பழைய பாத்திரம் போவதற்கு முன் செய்ய வேண்டிய கடைசிக் காரியம் என்று அதன் சொந்தக்காரர் ஏதோ எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காரியம், முதல் பாத்திரத்தையும் பரணிலிருந்து நீக்கிவிடுவது. இப்போது உங்கள் கையில் இருப்பது என்ன? ஒன்றுமில்லை. இருக்கிறது என்று நினைத்து அதில் சாதம் வடிக்கிறீர்கள்.

இது கற்பனை உதாரணம் அல்ல என்றும் அந்தப் புத்தகம் சொல்கிறது. பைத்தானின் பழைய பதிப்பு ஒன்றுக்குள்ளேயே இதே ஜாதிப் பிழைகள் இருந்தனவாம். ஒருவர் வெகு நேரம் செலவழித்துத் தோண்டித்தான் காரணத்தைக் கண்டுபிடித்தாராம். மொழியை உருவாக்கியவர்களே வழுக்கி விழுந்த இடம் அது. விழுந்ததை மறைக்காமல் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள்.

பெரிய பேரேடு

அடுத்து வந்தவர் ஃப்ரெட் டிரேக். பல வருடங்கள் பைத்தான் கையேடுகளின் பதிப்பாசிரியர் என்று முகப்பில் கீடோவின் பெயருக்குக் கீழே இவர் பெயர் இருக்கும். அப்போது கையேடுகளை லேடெக் என்ற அச்சுக்கோர்ப்பு முறையில் எழுதினார்கள். கணிதக் கட்டுரைகளுக்குப் பேர்போன முறை அது.

அந்தக் காலத்தில் செய்த ஒரு ஏற்பாடு என் மனதைக் கவர்ந்தது. இரவலா, சொந்தமா என்ற தகவலைக் கையேட்டின் பத்திகளுக்குள் மட்டும் விட்டுவைக்கவில்லை. தனியாக ஒரு பேரேடு திறந்தார்கள். வெறும் எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் சில வரிகள். ஃபங்ஷனின் பெயர், அது வாங்கும் பொருள்கள் என்ன, ஒவ்வொன்றின் பிடியில் என்ன மாற்றம், திருப்பித் தருவதன் பிடி என்ன. கூட்டல் ஒன்று என்றால் புதுப் பிடி, உங்களுக்குச் சொந்தம். பூஜ்யம் என்றால் இரவல். கையேட்டைத் தயாரிக்கும்போது ஒரு சிறு புரோகிராம் இந்தப் பேரேட்டைப் படித்து, அந்தந்த ஃபங்ஷனின் கீழ் அந்த ஒரு வரியைத் தானே எழுதிவிடும்.

என் மகள் அன்று ராத்திரி பார்த்த வரி அதுதான்!

கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். நூறு கடிதங்களில் சிதறிக் கிடக்கும் தகவலை ஒரே பேரேட்டில் கொண்டுவந்தால்தான் எது விட்டுப்போயிற்று, எது முரண்படுகிறது என்று கண்ணில் படும். ஆனால் பேரேட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. புதிதாக ஒரு ஃபங்ஷனைச் சேர்த்தவர் பேரேட்டில் பதிய மறந்தால் அந்த வரி வராது. வராத வரியைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒட்டாத சீட்டு மாதிரிதான். அதனால் பிறகு வந்தவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, விட்டுப்போனதைச் சேர்க்க வேண்டியிருந்தது. சம்பளமில்லாத, கைதட்டல் இல்லாத வேலை.

2007-இல் இன்னொரு பெரிய காரியம் நடந்தது. கேயார்க் ப்ராண்டில் என்ற ஜெர்மானியர், லேடெக்கில் இருந்த கையேடுகள் முழுவதையும் எளிய எழுத்துவடிவத்துக்கு மாற்றினார். அதற்காக ஸ்பிங்க்ஸ் என்ற கருவியையும் எழுதி 2008 மார்ச்சில் வெளியிட்டார். அந்த அக்டோபரில் வந்த பைத்தான் 2.6 பதிப்பின் கையேடு இந்தப் புது உருவத்தில் வந்தது. லேடெக்கின் குறியீடுகளைக் கண்டு பயந்தவர்களும் இனி ஒரு வரியைத் திருத்திக் கொடுக்கலாம் என்றாயிற்று. 2017-இல் பைத்தானின் மூலங்கள் கிட்ஹப் தளத்துக்குப் போனபின் இது இன்னும் சுலபமானது. திருத்தும் கத்தரிக்கோலும் பசையும் எல்லோர் கைக்கும் வந்தன என்று சொல்லலாம். ஆனால் ஒட்டியதைச் சரிபார்த்து இனிஷியல் போடும் ஆள் மட்டும் எப்போதும் வேண்டும்.

புத்தகமே தப்பாகச் சொன்னால்

இனி வருவதுதான் எனக்கு என் அலுவலக நாளை நினைவூட்டிய சம்பவம்.

பைமாட்யூல்_ஆட்ஆப்ஜெக்ட் என்று ஒரு ஃபங்ஷன். சி மொழியில் துணைப்பகுதி எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தொடக்கத்திலேயே பயன்படுத்துவது. உள்ளே ஒரு பொருளைப் பெயரிட்டு வைப்பது அதன் வேலை. இது உங்கள் பிடியைத் திருடிக்கொள்ளும் என்று கையேடு வெகுகாலம் சொல்லி வந்தது. படித்தவர்கள் நம்பினார்கள். பிடியைக் கொடுத்துவிட்டோம், இனி நமக்குக் கவலையில்லை என்று அடுத்த வேலைக்குப் போனார்கள்.

உண்மை என்னவென்றால், வேலை வெற்றியாக முடிந்தால் மட்டுமே அது திருடும். தோற்றால் திருடாது. பிடி உங்களிடமே நிற்கும். நீங்கள்தான் கழிக்க வேண்டும். பட்டியலில் வைக்கும் ஃபங்ஷனோ தோற்றாலும் திருடிக்கொள்ளும். திருடர்களுக்குள்ளும் தர்மம் வேறு வேறு.

கையேட்டில் இருந்தது பொய் என்று சொல்ல முடியாது. பாதி உண்மை. பொய்யைச் சீக்கிரம் பிடித்துவிடலாம், பாதி உண்மை பல வருடம் வாழும். ஏனென்றால் இந்த ஃபங்ஷன் தோற்பது அபூர்வம். தோற்றபோது ஒரு சிறு கசிவு ஏற்பட்டால் யார் கவனிக்கப் போகிறார்கள்? இதைவிட வேடிக்கை, பாடப் புத்தகத்தில் கொடுத்திருந்த மாதிரி உதாரணங்களே தோல்வியைச் சரிபார்க்காமல் எழுதப்பட்டிருந்தன. புதிதாக எழுதுகிறவர் உதாரணத்தைத்தான் அப்படியே காப்பியடிப்பார். ஒரு தப்பு உதாரணத்துக்கு ஆயிரம் பேரன் பேத்திகள்.

2019-இல் இதைத் திருத்தினார்கள். மற்றத் திருடும் ஃபங்ஷன்கள் போலல்ல இது, வெற்றி பெற்றால்தான் பிடியை எடுத்துக்கொள்ளும், ஆகவே திரும்பி வரும் விடையைக் கட்டாயம் பார்க்க வேண்டும், தோல்வி என்றால் நீங்களே கழிக்க வேண்டும் என்று தனிக் குறிப்பு போட்டார்கள். உதாரணங்களையும் மாற்றி எழுதினார்கள்.

அதோடு நிற்கவில்லை. இவ்வளவு நீளமாக எச்சரிக்கை எழுத வேண்டியிருக்கிறது என்றால், கோளாறு புத்தகத்தில் மட்டுமா, ஃபங்ஷனிலேயே அல்லவா இருக்கிறது? 2021-இல் வந்த 3.10 பதிப்பில் திருடவே திருடாத ஒரு புது ஃபங்ஷனைக் கொடுத்தார்கள். 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில், வெற்றியோ தோல்வியோ எப்போதும் எடுத்துக்கொள்ளும் இன்னொன்றைக் கொடுத்தார்கள். பழையதை நீக்கவில்லை. அதை நம்பி எழுதியவர்கள் இருக்கிறார்களே! புதிதாக எழுதுகிறவர்கள் இதைத் தவிர்க்கலாம் என்று குறிப்பு மட்டும் போட்டார்கள்.

நேர்மையாக எழுதி வைத்த ஒரு குறிப்பு, எழுதப்பட்ட பொருளையே வெட்கப்பட வைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. விதி குழப்பமாக இருந்தால் அதை விளக்கும் சுற்றறிக்கை நீளும். சுற்றறிக்கை நீண்டுகொண்டே போனால் ஒருநாள் யாராவது விதியையே மாற்றுவார்கள்.

வாக்குறுதிப் பட்டியல்

கையேடு என்பது விளக்கம் மட்டுமல்ல, வாக்குறுதியும்கூட. இந்த ஃபங்ஷன் அடுத்த பதிப்பிலும் இருக்குமா? இன்று தயாரித்த துணைப்பகுதி, மறுபடி தயாரிக்காமலே அடுத்த வருடமும் ஓடுமா?

இதற்காக 2011-இல் வந்த பைத்தான் 3.2 பதிப்பில் நிலையான தொகுதி என்று ஒன்றை அறிவித்தார்கள். திட்டம் போட்டவர் மார்ட்டின் வான் லோவிஸ். இந்தத் தொகுதிக்குள் இருக்கும் ஃபங்ஷன்களை மட்டும் பயன்படுத்தினால், பின்வரும் பதிப்புகளிலும் உங்கள் வேலை அப்படியே ஓடும் என்பது உறுதிமொழி. நல்ல ஏற்பாடு. ஆனால் எந்த ஃபங்ஷன் தொகுதிக்குள், எது வெளியே என்று தெரிந்துகொள்ளக் கையேட்டைப் பார்த்தால் போதாது. மூல நிரலின் தலைப்புக் கோப்புகளைத் திறந்து நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். உறுதிமொழி கொடுத்தார்கள், பட்டியலைப் பின்கட்டுப் பரணில் வைத்தார்கள்.

பத்து வருடம் கழித்து பீட்டர் விக்டோரின் முன்னின்று செய்த திட்டத்தில், 3.10 பதிப்போடு அந்தப் பட்டியல் ஒரே கோப்பாக வெளியே வந்தது. கையேட்டில் அந்தந்த ஃபங்ஷனின் கீழேயே, இது நிலையான தொகுதியைச் சேர்ந்தது என்ற வரி தானாக விழுந்தது. மறுபடியும் பேரேடு! பட்டியலுக்கும் நிரலுக்கும் வேறுபாடு வந்தால் கண்டுபிடிக்கச் சோதனையும் வைத்தார்கள். வாக்குறுதியை வாசலில் எழுதி மாட்டியது போல.

2023-இல் பலர் கூடி இந்தக் கதவில் உள்ள குறைகளையெல்லாம் ஒரு நீண்ட அறிக்கையாகத் தொகுத்தார்கள். இரவல் பிடிகளும் திருட்டுப் பிடிகளும் அதில் முக்கிய இடம் பெற்றன. அடுத்த வருடம் கதவைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது. 3.13 பதிப்பில் என் மகளைப் படுத்திய பைலிஸ்ட்_கெட்ஐட்டத்துக்குப் பக்கத்திலேயே, இரவல் தராமல் சொந்தமாகத் தரும் பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப் வந்துவிட்டது. அகராதிக்கும் அதேபோல் ஒன்று.

காரணம் கருணை மட்டுமல்ல. அந்தப் பதிப்பில், பல வேலைகள் உண்மையாகவே ஒரே நேரத்தில் நடக்கும்படியான புது வகை பைத்தானைச் சோதனை முறையில் வெளியிட்டார்கள். பல சமையல்காரர்கள் ஒரே நேரத்தில் பரணில் கைவைத்தால், சிலேட்டில் எழுதாத இரவல் பாத்திரம் எந்த நொடியும் காணாமல் போகலாம். மெல்லிய பனிக்கட்டி இன்னும் மெலிந்துவிட்டது. அந்த எச்சரிக்கையை அத்தனை வருடம் முன்பே எழுதி வைத்திருந்தது இப்போது கைகொடுத்தது.

கடைசியாக

இந்தக் கதையில் போர் இல்லை, கோடீஸ்வரர் இல்லை. ஒரு வரியைச் சேர்த்தவர், ஒரு வார்த்தையை நீக்கியவர், பேரேட்டில் விட்டுப்போன பதிவைப் போட்டவர், ஓர் உதாரணத்தை மாற்றி எழுதியவர். இப்படி எத்தனையோ பேர். இவர்களில் மிகச் சிலரின் பெயரைத்தான் மேலே சொன்னேன். மற்றவர்கள் பெயர் திருத்தப் பதிவேட்டில் தேதியோடு இருக்கும். எங்கள் இனிஷியல் புத்தக ஓரத்தில் இருந்த மாதிரி.

மொழியை உருவாக்கியவரை உலகம் கொண்டாடுகிறது, நியாயம்தான். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு, எங்கோ ஒரு வீட்டில், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைத் தூங்க வைத்தது அந்த ஒரு வரி. அந்த வரியைச் சரியான இடத்தில் சரியாக வைத்தவருக்கு, அது யார் வீட்டில் எப்போது உதவும் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அன்று அவள் லேப்டாப்பை மூடியபோது கேட்டேன். "அந்த வரி இல்லாம இருந்திருந்தா?"

"இன்னும் ஒரு வாரம் ஆகியிருக்கும்பா."

எனக்கு அந்தச் சணல் கட்டு ஞாபகம் வந்தது. அதைப் பிரித்து ஒட்ட அரைமணி நேரம் போதும். ஒட்டாமல் விட்டது ஒரு குடும்பத்தின் பதினான்கு மாதம்.

உங்களிடமும் இப்படி ஒட்டின, ஒட்டாமல் விட்ட சீட்டுக் கதைகள் இருக்கும். நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.